நரம்பு நோயும் உடற்பயிற்சியும்: ஆராய்ச்சி நம்மையும் எண்ணட்டும்



விடியுமுன் பெரட்டுக்குப் போய், வேலை முடித்து, குளித்து, சோறுண்டு, கொஞ்சம் கால் நீட்டி உட்காரும் நேரத்தில் வானொலியைத் திறந்திருப்பீர்கள். இந்த நேரத்தில் உங்களிடம் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றால் சிரிப்பு வரலாம். "நாள் முழுவதும் பால் வெட்டுகிறவனுக்கும், செம்பனைக் குலையைத் தூக்குகிறவனுக்கும் உடற்பயிற்சியா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இன்று நாம் பேசப்போவது நோயில் விழுந்துவிட்டவர்களின் உடற்பயிற்சியைப் பற்றி. "நோயாளி அசையக் கூடாது" என்று அன்பினாலேயே நாம் செய்துவிடும் ஒரு பிழையைப் பற்றி.

நாங்கள் மருத்துவர்கள் அல்லர். மலாக்கா மாநிலத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லித் தருகிறவர்கள். இந்தப் பாடத்தை எங்களுக்குக் கற்றுத் தந்தவர் எங்கள் பள்ளியில் படித்த ஒரு சிறுமியின் தாயார். அவரிடமிருந்தே தொடங்குகிறோம்.

அந்த அம்மாவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. ஜாசின் பக்கத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் ஒரு கண்ணில் பார்வை மங்கியது. சில வாரங்களில் தானே தெளிந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிற்று. நிரையில் நடக்கும்போது கால் இடறியது. மங்கைத் தூக்கினால் கை நடுங்கியது. வீட்டில் உள்ளவர்கள் காற்று கருப்பு என்றார்கள். விபூதி போட்டார்கள், தாயத்துக் கட்டினார்கள். கடைசியில் கோலாலம்பூருக்குக் கொண்டுபோய் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தபோதுதான் நோயின் பெயர் தெரிந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள்.

நம் உடம்பின் நரம்பை மின்சாரக் கம்பியாக நினைத்துக்கொள்ளுங்கள். கம்பியின் மேல் ஓர் உறை இருக்கிறது. அந்த உறை கிழிந்தால் மின்சாரம் கசியும். விளக்கு மினுங்கும், சில வேளை அணைந்தே போகும். மூளையிலும் முதுகுத்தண்டிலும் உள்ள நரம்புகளுக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை ஒன்று உண்டு. நோயை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் காவற்படை, வழி தவறி அந்த உறையையே தாக்குவதுதான் எம்.எஸ். தாக்கிய இடங்களில் தழும்பு விழுகிறது. பல இடங்களில் தழும்பு என்பதே அந்தப் பெயரின் பொருள். 1868-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் சார்க்கோ இந்நோயைத் தனி நோயாகப் பிரித்து விளக்கினார். பெரும்பாலும் இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடையே தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது. இது ஒட்டுவாரொட்டி நோயன்று, செய்வினையுமன்று.

உலகம் முழுவதிலும் 28 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இந்நோய் உண்டு. வட ஐரோப்பாவில் லட்சம் பேரில் நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். நம் மலேசியாவில் லட்சம் பேரில் இரண்டு மூன்று பேர் என்ற அளவுதான். இந்தச் சிறிய எண்ணிக்கையே ஒரு தொல்லை. ஏன் தொல்லை என்பதைப் பிறகு சொல்கிறோம்.

பெயர் தெரிந்தது, மருந்தும் கிடைத்தது. அதோடு ஒரு மருத்துவமனையில், "ஓய்வாக இருங்கள், களைத்துப் போகாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். குடும்பம் அந்தச் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. கணவர் லோரி ஓட்டுபவர். மனைவி மேல் உயிரையே வைத்திருப்பவர். கெண்டியைத் தூக்கவும் விடவில்லை. மாமியார் சோற்றைப் படுக்கைக்கே கொண்டுவந்தார். எங்கள் மாணவி பள்ளி விட்டதும் ஓடிப்போய் அம்மாவுக்குக் கால் பிடித்துவிடுவாள். "அம்மாவை அலையவிடாதே, கண்ணு. நன்றாகப் படுத்திருக்கட்டும்" என்று நாங்களும் அவளிடம் சொன்னோம். வகுப்பறையில், எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும் சொன்னோம். இன்று நினைத்தாலும் உறுத்துகிறது.

ஒன்றரை ஆண்டு கழித்து அந்த அம்மாவால் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போக முடியவில்லை. தொடை சூம்பிவிட்டது. நோய் முற்றிவிட்டது என்றே எல்லாரும் எண்ணினோம். அப்போது அவரைப் பார்த்த உடலியக்கச் சிகிச்சையாளர், நாம் ஃபிசியோ என்கிறோமே அவர், குடும்பத்தாரிடம் ஒரு கேள்வி கேட்டார்: "இதில் நோய் செய்தது எவ்வளவு, கட்டில் செய்தது எவ்வளவு?"

அந்தக் கேள்விக்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. அதைத் தேடித்தான் நாங்கள் படிக்கத் தொடங்கினோம்.

நேயர்களே, ஓய்வு எடுக்கச் சொன்னவர்களை நாம் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. 1890-ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். எம்.எஸ். உள்ள சிலருக்கு உடம்பை வருத்தி நடந்தபின் பார்வை மங்கியது. உடலுழைப்புத்தான் காரணம் என்று அவர் கருதினார். உண்மையான காரணம் உழைப்பினால் ஏறும் உடம்புச் சூடு என்பது பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று. உறை கிழிந்த நரம்பு சூட்டில் செய்தியைச் சரியாகக் கடத்தாது. உடம்பு குளிர்ந்ததும் பார்வை திரும்பிவிடும். சூடு நரம்பைப் புதிதாகக் கிழிப்பதில்லை; அப்போதைக்கு மட்டுமே தடுமாறச் செய்கிறது. ஆனால் இந்தத் தடுமாற்றத்தைக் கண்டு அஞ்சியே பல பத்தாண்டுகள் உலகமெங்கும் நோயாளிகளிடம், "அசையாதீர்கள்" என்று சொல்லி வந்தார்கள்.

அந்த அச்சத்தை ஆராய்ந்து பார்க்கத் துணிந்தவர்கள் அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்டஜன் என்பவரும் அவருடைய தோழர்களும். அவர்கள் 54 நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல், எந்தச் சார்பும் இல்லாமல் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கையாலும் காலாலும் சுழற்றும் நிலைச் சைக்கிள் பயிற்சி. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 40 நிமிடம், 15 வாரங்கள். மற்றக் குழு வழக்கம்போல் இருந்தது. முடிவு 1996-இல் வெளிவந்தது. பயிற்சி செய்தவர்களின் உடல், உழைக்கும்போது உயிர்க்காற்றைப் பயன்படுத்தும் ஆற்றல் 22 விழுக்காடு கூடியிருந்தது. கைகால் வலு கூடியது, மனச்சோர்வு குறைந்தது. நோய் முற்றவில்லை. அதே வேளையில் நோய் தீரவும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதற்காகச் சீட்டுக் குலுக்க வேண்டும் என்று கேட்கலாம். இதைத் தோட்டத்துக்காரர்களாகிய உங்களுக்கு விளக்குவது எளிது. 1925-இல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் புதிய ரகங்களையும் உரங்களையும் எப்படிச் சோதித்தது? ஒரே மண்ணில், ஒரே சரிவில், ஒரே வயது மரங்களைப் பாத்திகளாகப் பிரித்து, சில பாத்திகளுக்கு உரம் போட்டு, சிலவற்றுக்குப் போடாமல் விட்டு, இரண்டின் பாலையும் நிறுத்துப் பார்த்தது. ஏற்கெனவே செழிப்பாக நிற்கும் மரங்களுக்கு மட்டும் உரம் போட்டுவிட்டு, "பார், என் உரத்தால் பால் கூடிற்று" என்றால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? மாட்டீர்கள். உடற்பயிற்சியும் அப்படித்தான். நன்றாக நடக்கக்கூடியவர்கள் தாமாகவே பயிற்சிக்கு வருவார்கள். நடக்க முடியாதவர்கள் வீட்டில் இருந்துவிடுவார்கள். பிறகு இருவரையும் ஒப்பிட்டால் பயிற்சிதான் காரணம் என்று பொய்யாகத் தோன்றும். சீட்டுக் குலுக்குவது அந்தப் பொய்யை அடைக்கத்தான்.

1996-க்குப் பிறகு பல ஆராய்ச்சிகள் நடந்தன. 2004-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 69 பேரைச் சேர்த்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். அதில் ஒரு குழுவுக்கு ஐயங்கார் முறை யோகாசனம், இந்தியாவில் பி.கே.எஸ். ஐயங்கார் வகுத்த முறை அது. இன்னொரு குழுவுக்கு நிலைச் சைக்கிள். மூன்றாவது குழு காத்திருந்தது. ஆறு மாதம் கழித்து யோகாசனக் குழுவுக்கும் சைக்கிள் குழுவுக்கும் களைப்புக் குறைந்திருந்தது. நினைவாற்றலிலும் கவனத்திலும் மாற்றம் இல்லை. நம் நாட்டு வித்தை என்பதற்காக அதைக் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

"அசைந்தால் நோய் திரும்பித் தாக்குமே?" என்ற பயம் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறது. 2014-இல் 26 ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். பயிற்சி செய்தவர்களில் 100-க்கு ஏறக்குறைய 5 பேருக்கும், செய்யாதவர்களில் 100-க்கு ஏறக்குறைய 6 பேருக்கும் அந்தக் காலத்தில் நோய் திரும்பித் தாக்கியிருந்தது. பயிற்சி தாக்குதலைக் கூட்டவில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

இதையெல்லாம் நாங்கள் படித்துவிட்டு, பெரிய கண்டுபிடிப்பைக் கொண்டுவந்தவர்கள்போல அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். அவர் அமைதியாகக் கேட்டார். பிறகு ஒன்று கேட்டார்:

"டீச்சர், அந்த ஆராய்ச்சியில எங்கள மாதிரி ஆளுங்க யாராவது இருந்தாங்களா? வெயில்ல வேல செய்றவங்க? மின்விசிறி மட்டும் உள்ள வீட்ல இருக்கிறவங்க? என்னை மாதிரி எழுந்து நிக்கவே முடியாதவங்க?"

பயிற்சிக் கல்லூரியில் எத்தனையோ தேர்வு எழுதியிருக்கிறோம். இப்படி ஒரு கேள்வியை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. திரும்பிப் போய் மறுபடியும் தேடினோம். பதில்: மிக மிகக் குறைவு.

ஆகவே நேயர்களே, எம்.எஸ். நோயாளிகளுக்கான உடற்பயிற்சி ஆராய்ச்சி இன்னும் எங்கெங்கே திருந்த வேண்டும் என்பதைப் பார்ப்போம். இது படித்தவர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் வீட்டுப் பெண் எழுந்து நடப்பாளா என்பது இதில் அடங்கியிருக்கிறது.

முதலாவது, எண்ணிக்கை. 2015-இல் களைப்பையும் பயிற்சியையும் பற்றிய 45 ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் சேர்த்து 2,250 பேர்தான் இருந்தார்கள். சராசரியாக ஓர் ஆராய்ச்சிக்கு 50 பேர். ஐம்பது மரத்தின் பாலை நிறுத்துவிட்டு முழுத் தோட்டத்துக்கும் கணக்குச் சொல்ல முடியுமா? பல நாடுகள் கைகோத்தால்தான் எண்ணிக்கை கூடும். அதற்கும் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. ஆறு நாடுகளில், 11 நிலையங்களில், 311 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2023-இல் வெளிவந்தது. நோய் படிப்படியாக முற்றிக்கொண்டே போகும் வகையினருக்கு, உடற்பயிற்சியும் மூளைப் பயிற்சியும் சேர்ந்தால் சிந்தனை வேகம் கூடுமா என்று பன்னிரண்டு வாரம் பார்த்தார்கள். ஒப்பிடுவதற்கு வைத்திருந்த குழுக்களைவிட மேலான பலன் கிடைக்கவில்லை. அதை மறைக்காமல் எழுதினார்கள். "பலன் இல்லை" என்று நேர்மையாகச் சொல்லும் ஆராய்ச்சியும் நமக்கு உதவிதான். வீண் நம்பிக்கையில் பணத்தையும் நாளையும் இழக்காமல் அது காக்கிறது. அந்த ஆறு நாடுகளும் பெல்ஜியம், கனடா, டென்மார்க், இத்தாலி, பிரிட்டன், அமெரிக்கா. ஆசிய நாடு ஒன்றுகூட அதில் இல்லை.

இரண்டாவது, யாரைச் சேர்க்கிறார்கள் என்பது. பெரும்பாலான ஆராய்ச்சிகளில் இருப்பவர்கள் நோய் இலேசாக உள்ளவர்கள்; தாமே நடந்து வரக்கூடியவர்கள். தடி ஊன்றுகிறவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், வயதானவர்கள் குறைவு. யாருக்கு உதவி மிகத் தேவையோ அவர்களைப் பற்றித்தான் நமக்குக் குறைவாகத் தெரிகிறது.

மூன்றாவது, சூடும் ஈரப்பதமும். குளிர்நாட்டில், குளிர்சாதனம் உள்ள கூடத்தில் செய்த பயிற்சியை, பகலில் 32 பாகை சூடும் வியர்வை காயாத ஈரமும் உள்ள மலாக்காவுக்கு அப்படியே கொண்டுவர முடியுமா? பயிற்சிக்கு முன் உடம்பைக் குளிர்வித்துக்கொண்டால் சூடு தாங்காத நோயாளிகளும் நன்றாகச் செய்கிறார்கள் என்று 2000-இல் யூட்டாவிலேயே ஆராய்ந்து கண்டார்கள். ஆனால் அது மிகச் சிலரை வைத்துச் செய்தது. நம் தட்பவெப்பத்தில், நம் வீடுகளில், ஈரத் துண்டும் வாளித் தண்ணீரும் கொண்டு அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியது நம் பக்கத்து ஆராய்ச்சியாளர்களின் கடமை.

நான்காவது, நோய் எது என்பதிலேயே தெளிவு. எம்.எஸ். போலவே கண்ணையும் முதுகுத்தண்டையும் தாக்கும் இன்னொரு நோய் உண்டு. அதற்கு நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா என்று பெயர். அதைத் தனியாகக் கண்டறியும் இரத்தச் சோதனைக்கு 2004-இல்தான் வழி பிறந்தது. மேலைநாடுகளைவிட மலேசியாவில் அதன் பங்கு அதிகம். அதற்குரிய மருந்து வேறு, எம்.எஸ்.-க்குக் கொடுக்கும் மருந்துகள் சில அதற்குக் கேடாகவும் முடியும். ஒரு நோய்க்குச் செய்த பயிற்சி ஆராய்ச்சியை மற்றதற்கும் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடாது.

ஐந்தாவது, காலம். பல ஆராய்ச்சிகள் மூன்று மாதத்தில் முடிந்துவிடுகின்றன. நோயோ நாற்பது ஆண்டு கூடவே வாழ்கிறது. மூன்று மாதத்துக்குப் பின் என்ன ஆயிற்று, எத்தனை பேர் பாதியில் விட்டார்கள், ஏன் விட்டார்கள், பயிற்சியின்போது எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். பாதியில் விட்டவரை எண்ணாமல் விடுவது, வேலைக்கு வராதவனின் நிரையைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவதற்குச் சமம்.

ஆறாவது, எதை அளப்பது என்பது. மூச்சுக் காற்றின் அளவும் தசையின் வலுவும் தேவைதான். ஆனால் எங்கள் மாணவியின் தாயாரைக் கேட்டால் என்ன சொல்வார்? "யார் உதவியும் இல்லாம குளியலறைக்குப் போகணும். புள்ளைக்குச் சட மாட்டணும். ஒரு அடுப்பு சோறு வடிக்கணும்." அளவுகோல் இவைதாம். எதை ஆராய்வது, எதை அளப்பது என்று தீர்மானிக்கும் மேசையில் நோயாளிக்கும் ஓர் இடம் வேண்டும்.

நம் நாட்டில் நோயாளிகள் குறைவு என்று தொடக்கத்தில் சொன்னோமே, அந்தத் தொல்லை இதுதான். குறைவாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள். ஆராய்ச்சியும் அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. இருப்பவர்களும் பயந்து ஒதுங்கினால் நம்மைப் பற்றி ஒரு வரிகூட யாரும் எழுத முடியாது. ஆகவே உங்கள் குடும்பத்தில் ஒருவரை மருத்துவமனையோ பல்கலைக்கழகமோ ஆராய்ச்சிக்கு அழைத்தால், "எங்களைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்கள்" என்று உடனே கதவைச் சாத்திவிட வேண்டாம். கேள்வி கேளுங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைக் குழு போன்ற ஒரு குழுவின் ஒப்புதல் இருக்கிறதா? எழுதியிருப்பதை எனக்குப் புரியும் மொழியில் சொல்வீர்களா? என்ன நன்மை, என்ன ஆபத்து? பஸ் செலவு யாருடையது? பாதியில் வேண்டாம் என்றால் என் சிகிச்சை கெடாதல்லவா? இவற்றுக்கு நல்ல பதில் கிடைத்தபின் கையெழுத்துப் போடுங்கள். சேருவதும் விலகுவதும் உங்கள் உரிமை.

ஆராய்ச்சி முழுமையாகும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. தெரிந்தவரை தெரிந்ததைக் கொண்டு தொடங்கலாம். நோய் இலேசாகவோ நடுத்தரமாகவோ உள்ள 18 முதல் 64 வயது வரையிலானவர்களுக்குக் கனடா நாட்டினர் 2013-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 30 நிமிடம், நடுத்தர வேகத்தில் நடையோ சைக்கிளோ. வாரத்துக்கு இரண்டு முறை தசைக்கு வலு தரும் பயிற்சி. நடுத்தர வேகம் என்றால் பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவு. இது போய்ச் சேர வேண்டிய இடம். புறப்படும் இடம் ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம்.

எந்த நேரம் நல்லது? பெரட்டு நேரம். விடியுமுன் குளிர்ச்சியில்தான் மரம் நன்றாகப் பால் சுரக்கிறது. வெயில் ஏறினால் பால் குறைந்துவிடுகிறது. இந்நோயாளியின் நரம்பும் அந்த மரம்போலத்தான். அந்த அம்மாவும் அப்படித்தான் தொடங்கினார். ஃபிசியோ சொல்லித் தந்தபடி, கணவர் பெரட்டுக்குக் கிளம்புகிறவர்களைப்போல் விடியுமுன் எழுந்து, மனைவியின் கழுத்தில் ஈரத் துண்டைப் போட்டு, கட்டிலோரத்தில் உட்கார வைப்பார். முதல் வாரம் உட்கார்ந்தபடியே முழங்காலை நீட்டி மடக்குவது மட்டும். பிறகு நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்பது, உட்காருவது, ஐந்து முறை. பிறகு சுவரோரமாகக் கதவு வரை. எங்கள் மாணவி ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றன்றைய கணக்கை எழுதினாள். எத்தனை முறை, எவ்வளவு நேரம், அன்று களைப்பு எப்படி. பால் ஸ்டோரில் கிராணி நிறுவை எழுதுவதுபோல் ஒருநாளும் விடாமல் எழுதினாள். அந்த நோட்டைப் பார்த்துத்தான் ஃபிசியோ அடுத்த அடியை முடிவு செய்தார்.

எச்சரிக்கையாகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். மருத்துவரையோ ஃபிசியோவையோ கேளாமல் தொடங்க வேண்டாம். கொடுத்த மருந்தை நிறுத்த வேண்டாம்; பயிற்சி மருந்துக்குத் துணை மட்டுமே. பயிற்சியின்போது கண் மங்கினாலோ கால் தளர்ந்தாலோ நிறுத்தி, நிழலில் உட்கார்ந்து, குளிர்ந்த தண்ணீர் குடித்து இளைப்பாறுங்கள். சூட்டினால் வந்தது குளிர்ந்ததும் போய்விடும். புதிய தளர்ச்சியோ பார்வைக் குறைவோ ஒருநாளுக்கு மேல் நீடித்தால் அது புதிய தாக்குதலாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல் உள்ள நாளில் பயிற்சி வேண்டாம். ஈரத் தரையில் வெறுங்காலோடு தனியே நடக்கவிட வேண்டாம்.

உதவி எங்கே கிடைக்கும்? முதலில் அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் எழுத்து வாங்கி, அரசாங்க மருத்துவமனையின் உடலியக்கச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். சொக்சோ சந்தா கட்டி வேலை செய்தவராக இருந்தால், வேலை செய்ய முடியாத அளவுக்கு நோய் முடக்கியவர்களுக்கான இயலாமைத் திட்டத்தின் கீழ் மனுச் செய்ய இடமுண்டு. மனு வேலை இடத்து விபத்துக்கு மட்டும்தான் என்று பலர் தவறாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் 2014 முதல் நம் மலாக்கா மாநிலத்திலேயே இருக்கிறது. தகுதி உள்ளதா என்று சொக்சோ அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். சமூகநல இலாகாவில் உடற்குறையாளர் அட்டைக்கும் பதிவு செய்யலாம். தாளை நிரப்பத் தெரியவில்லை என்றால் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். ஆசிரியர்கள் எதற்காக இருக்கிறோம்?

அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். ஓடியாடித் திரிகிறார் என்று சொல்ல எங்களுக்கும் ஆசைதான். அது உண்மையாகாது. பால் வெட்டப் போக முடியவில்லை. நடுவில் ஒருமுறை நோய் திரும்பித் தாக்கி, இரண்டு மாதம் பழைய நிலைக்கே தள்ளிவிட்டது. மறுபடியும் முழங்காலை நீட்டி மடக்குவதிலிருந்து தொடங்கினார். எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டியன்று காலையில், வெயில் ஏறுமுன், ஒரு கையில் தடியும் ஒரு கையில் மகளின் தோளுமாக வாசலிலிருந்து கூடாரம் வரை நடந்து வந்தார். வந்து உட்கார்ந்ததும் மகளின் அவிழ்ந்த சடையைத் தாமே மாட்டிவிட்டார். நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

படுக்கையில் கழிந்த அந்த ஒன்றரை ஆண்டு இல்லாதிருந்தால் இன்னும் எவ்வளவு நடந்திருப்பார்? அதை யாராலும் சொல்ல முடியாது. அடுத்து வரும் ஒரு தாய்க்காவது அதைச் சொல்ல முடிய வேண்டும். அதற்குத்தான் நல்ல ஆராய்ச்சி வேண்டும். அதில் நம்மவர்களும் இடம்பெற வேண்டும். அதுவரை, நம் வீட்டில் நோயில் விழுந்தவரிடம் "அசையாதே" என்று சொல்லுமுன் ஒரு நிமிடம் நின்று, அந்த ஃபிசியோ கேட்ட கேள்வியை நாமும் கேட்டுப் பார்ப்போம்: இதில் நோய் செய்தது எவ்வளவு, கட்டில் செய்தது எவ்வளவு?